செயின் நிற்கிறதா என்று முதலில் பாருங்கள்: பழைய மரம் அறுக்கும் மெஷினை முதல்முறை பிரிக்கிறவர்களுக்கு

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியது. பட்டுக்கோட்டை, பேராவூரணி, ஒரத்தநாடு சுற்று வட்டாரத்தில் விடிந்து பார்த்தபோது தென்னந்தோப்புகள் படுத்துக் கிடந்தன. விழுந்த மரங்களை அறுத்து அப்புறப்படுத்த அந்த நாட்களில் பலரும் மரம் அறுக்கும் மெஷின் வாங்கினார்கள். ஊருக்கு நாலைந்து புது மெஷின்கள் வந்தன. தோப்பு காலியானதும் டேங்கில் மிச்சம் இருந்த பெட்ரோலோடு அப்படியே கொட்டகை மூலையில் சாக்கு போட்டு மூடி வைத்துவிட்டார்கள்.

அந்த மெஷின்கள் இப்போது ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. வீட்டுப் பிள்ளைகள் வீடியோ பார்த்துத் தாங்களே பிரித்துச் சரிசெய்யப் பார்க்கிறார்கள். இருபது வருடமாகச் சின்ன எஞ்சின் வேலை செய்கிறவன் நான். சொந்தக் கையால் பிரித்துப் பழகுவதைப் போல நல்ல படிப்பு இல்லை என்பதே என் எண்ணம். ஆனால் போன மாதம் பட்டறைக்கு வந்த ஒரு மெஷினைப் பார்த்ததிலிருந்து இதை எழுதியே ஆகவேண்டும் என்று இருக்கிறது.

கொண்டுவந்த தம்பிக்கு இருபத்து மூன்று வயதிருக்கும். "ஸ்டார்ட் ஆகுதுண்ணே, டியூனிங் மட்டும் பார்த்துக் குடுங்க" என்றார். கார்ப்பரேட்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, புது பிளக் போட்டு, முதல் வேலையிலேயே ஓட வைத்திருக்கிறார். பாராட்டித்தான் ஆகவேண்டும். கயிற்றை இழுத்தேன், இரண்டாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. ஆனால் ஆக்சிலேட்டரைத் தொடாமலே செயின் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தது. முன்கைப்பிடிக்கு மேலே இருக்கும் கைக்காப்பைத் தள்ளிப் பார்த்தேன். துணியாட்டம் ஆடியது. உள்ளே பிரேக் பட்டையே இல்லை. "அது இடைஞ்சலா இருக்குன்னு அப்பவே கழட்டிட்டாங்கண்ணே" என்றார். பேண்ட்டில் இடது தொடைப் பக்கம் ஒரு விரல் நீளத்துக்குக் கிழிசல் இருந்தது. நான் கேட்கவில்லை, அவரே சொன்னார்: முந்தின நாள் ஒரு கட்டையை அறுத்துவிட்டு மெஷினைக் கீழே இறக்கும்போது உரசிவிட்டதாம்.

முதல்முறை ரிப்பேர் செய்கிற எல்லோருமே எஞ்சின் ஓடினால் வேலை முடிந்தது என்று நினைக்கிறார்கள். இந்த மெஷினைப் பொறுத்தவரை அது பாதி வேலைகூட இல்லை. 3/8 செயின் (கண்ணி இடைவெளி அங்குலக் கணக்கில்), அதை ஓட்டும் ஏழு பல் ஸ்பிராக்கெட் உள்ள மெஷினில் எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று போனால், செயின் நொடிக்கு 22 மீட்டர் ஓடும். மணிக்கு 80 கிலோமீட்டர். அந்த வேகத்தில் போகிற பற்களை நிறுத்துகிற சாமான்கள் சரியாக இருக்கின்றனவா என்பதைத்தான் முதலில் பார்க்கவேண்டும். அதனால் பழைய மெஷின் வந்தால் நான் கார்ப்பரேட்டர் பக்கமே போகமாட்டேன். கிளட்ச் பக்க மூடியைக் கழற்றுவதில்தான் தொடங்குவேன்.

மூடிக்குள்ளே கிளட்ச் டிரம்மைச் சுற்றி ஒரு எஃகுப் பட்டை இருக்கும். அதுதான் செயின் பிரேக். சில மெஷின்களில் மூடியிலேயே இருக்கும், சிலவற்றில் எஞ்சின் உடம்பில் இருக்கும். பட்டை தேய்ந்து மெலிந்திருக்கிறதா, விரிசல் உண்டா என்று பாருங்கள். ஆறேழு வருடத்து மரத்தூளும் ஆயிலும் சேர்ந்து களிமண்ணாக இறுகி லீவரையே அசையவிடாமல் பிடித்திருக்கும். அதைச் சுரண்டி எடுத்தாலே பாதி பிரேக்குகளுக்கு உயிர் வந்துவிடும்.

இந்த பிரேக் ஏன் இவ்வளவு முக்கியம்? செயின் சுற்றி ஓடும் நீளத் தகட்டுக்குப் பெயர் ‘பார்’. அந்த பாரின் நுனியின் மேல்பாதி ஒரு கட்டையிலோ கிளையிலோ பட்டால் செயின் அங்கே சிக்கிக்கொள்ளும். எஞ்சினின் மொத்த வேகமும் பாரை மேல்நோக்கி, நம் முகத்துக்கும் கழுத்துக்கும் நேராக எறியும். கண் இமைக்கிற நேரம்கூட ஆகாது. கையால் அடக்க முடியாது. அந்த எறிதலில் மணிக்கட்டு காப்பில் மோதியோ, காப்பு தன் கனத்தாலேயே முன்னே சாய்ந்தோ பட்டை டிரம்மை இறுக்கிவிடும். 1970களில்தான் பெரிய கம்பெனிகள் இந்தத் தானியங்கி பிரேக்கைக் கொண்டுவந்தன. அதற்கு முந்தைய மெஷின் யார் வீட்டிலாவது இருந்தால் ஆசைக்குச் சுத்தம் செய்து வைத்துக்கொள்ளுங்கள், மரம் அறுக்க எடுக்காதீர்கள்.

பாருக்குக் கீழே, செயின் உள்ளே நுழைகிற இடத்தில் கொக்கி மாதிரி ஒரு சின்னத் துண்டு இருக்கும். செயின் அறுந்தால் வலது கையைப் பதம் பார்க்காமல் தடுப்பது அதுதான். பழைய மெஷின்களில் பத்தில் ஏழில் இது உடைந்தோ தொலைந்தோ இருக்கும் என்பது என் அனுபவம். அப்புறம் பின்கைப்பிடியில் மேலே அமுக்கினால்தான் ஆக்சிலேட்டர் இறங்கும்படி ஒரு பூட்டு உண்டு, அது தானாகத் திரும்பி வருகிறதா பாருங்கள். ஸ்டாப் சுவிட்சின் ஒயர் பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலிலிருந்து வருகிறது. எலி கடித்தோ துருப்பிடித்தோ அது அறுந்திருந்தால் சுவிட்சைப் போட்டாலும் எஞ்சின் நிற்காது. அப்படி ஆகிவிட்டால் பதறாமல் சோக்கைப் போடுங்கள், மூச்சடைத்து நின்றுவிடும்.

இதெல்லாம் சரியாக இருந்தால் எஞ்சினுக்கு வரலாம். பிளக்கைக் கழற்றிப் பார்ப்பதற்கும் முன்னால் சைலன்சரைக் கழற்றுங்கள். இரண்டு மூன்று போல்ட்தான். அந்த ஓட்டை வழியாக டார்ச் அடித்து, கயிற்றை மெதுவாக இழுத்தபடி பிஸ்டனைப் பாருங்கள். மழமழவென்று இருந்தால் நல்லது. மேலிருந்து கீழாகக் கோடு கோடாகக் கீறல் விழுந்திருந்தால் அது ஏற்கெனவே ஆயில் பற்றாமலோ சூட்டிலோ சிலிண்டரோடு இறுகிப் பிடித்த பிஸ்டன். புது கார்ப்பரேட்டர் வாங்கிப் போட்டுப் பிரயோஜனமில்லை. காசைச் செலவழிக்கும் முன் இந்த ஐந்து நிமிடத்தைச் செலவழித்தால் போதும்.

சைலன்சர் வாயில் ஒரு கம்பி வலை இருக்கும், கரி பிடித்து அடைத்திருந்தால் பிரஷ் போட்டுத் தேயுங்கள். எடுத்து வீசிவிடாதீர்கள், காய்ந்த மட்டையில் பொறி விழாமல் தடுப்பது அந்த வலைதான்.

ஓடாமல் கிடந்த மெஷின்களில் பெரும்பாலானவற்றுக்கு நோய் பெட்ரோல்தான். எத்தனால் கலந்த பெட்ரோல் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். நாள்பட்டால் தண்ணீர் தனியே அடியில் பிரியும். ரப்பர் ஹோஸ் விறைத்து, தொட்டால் பிஸ்கட் போல் உடையும். கார்ப்பரேட்டருக்குள் டயாப்ரம் என்று ஒரு மெல்லிய தோல் உண்டு. அது பழைய அப்பளம் மாதிரி மொடமொடவென்று ஆகியிருக்கும். விரலால் தொட்டால் தளதளவென்று அசையவேண்டும். இல்லாவிட்டால் டயாப்ரம், ஊசி, கேஸ்கெட் எல்லாம் சேர்ந்த கிட் வாங்கிப் போடுங்கள். ஹோஸையும் டேங்குக்குள் இருக்கும் ஃபில்டரையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். கார்ப்பரேட்டரின் சின்ன ஓட்டைகளில் கம்பி விட்டுக் குத்தாதீர்கள், ஓட்டை பெரிதானால் அந்த கார்ப்பரேட்டர் பிறகு எந்த டியூனிங்குக்கும் படியாது.

பிளக் இடைவெளி 0.5 மி.மீ. ஸ்டார்ட்டர் பக்கத்தைப் பிரிப்பதாக இருந்தால் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், உள்ளே சுருண்டிருக்கும் ஸ்பிரிங் பாம்பு மாதிரி பாயும். கிளட்ச்சைக் கழற்ற வேண்டி வந்தால் ஒன்று நினைவிருக்கட்டும்: அது இடது மரை. கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். இது தெரியாமல் சுத்தியலால் அடித்து கிராங்க்கை வளைத்துக் கொண்டுவந்தவர்கள் உண்டு. பிளக் ஓட்டை வழியாக நைலான் கயிற்றைக் கொஞ்சம் உள்ளே விட்டால் பிஸ்டன் மேலே வந்து மெத்தென்று முட்டி நிற்கும், அப்போது திருப்புங்கள். முடித்ததும் கயிற்றை முழுவதும் வெளியே எடுத்தாயிற்றா என்று பாருங்கள்.

பெட்ரோலில் ஆயில் கலக்கும் அளவு தப்பித்தான் அதிக பிஸ்டன்கள் போகின்றன. மூடியில் கண் அளவாக ஊற்றுவதை விட்டுவிடுங்கள். 50க்கு 1 என்று கையேடு சொன்னால் ஒரு லிட்டருக்கு 20 மில்லி, 25க்கு 1 என்றால் 40 மில்லி. மருந்துக்கடையில் ஊசி இல்லாத சிரிஞ்ச் வாங்கி அளந்து ஊற்றுங்கள். 2டி (டூ ஸ்ட்ரோக்) ஆயில்தான் ஊற்றவேண்டும், பைக் எஞ்சின் ஆயில் ஆகாது. ஒரு மாதத்துக்குத் தேவையானதை மட்டும் கலக்கிக்கொள்ளுங்கள். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த மெஷின்கள் பலவற்றின் கையேட்டில் 10 சதவீதம் வரைதான் அனுமதி. அதனால் டேங்கில் தேங்கவிடக்கூடாது என்பதை முன்பைவிட இப்போது கண்டிப்பாகச் சொல்லவேண்டியிருக்கிறது.

வெட்டவெளியில், தரையில் வைத்து, பிரேக்கைப் போட்டு, பின்கைப்பிடியைக் காலால் மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். கையில் தொங்கவிட்டபடி ஒரு கையால் கயிற்றை இழுப்பது வீடியோவில் அழகாக இருக்கும். தொடை கிழிவது அப்படித்தான். சூடானதும் பிரேக்கை விடுங்கள். ஆக்சிலேட்டரைத் தொடாதபோது செயின் அசையவே கூடாது. அசைந்தால் ஐடிலிங் ஸ்குரூவைக் குறையுங்கள். குறைத்தும் ஊர்ந்தால் கிளட்ச் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். ஐடிலிங் ஏறி இறங்கி, மெஷினைச் சாய்த்தால் சத்தம் மாறினால், கிராங்க் ஆயில் சீல் வழியே காற்று புகுகிறது என்று சந்தேகப்படவேண்டும். காற்று புகுந்தால் பெட்ரோல் குறைந்து, ஆயிலும் குறைந்து, பிஸ்டன் பிடிக்கும். அந்த இடத்தில் நீங்கள் நிறுத்திவிட்டுத் தெரிந்தவரிடம் கொண்டுபோவதே சரி. சீல் வேலைக்கு அழுத்தம் பார்க்கும் கருவி வேண்டும்.

கடைசியாக பிரேக்குக்குத் தேர்வு. இரண்டு கைகளாலும் இறுகப் பிடித்து, ரேஸ் கொடுத்து, கைப்பிடியை விடாமலே இடது மணிக்கட்டால் காப்பை முன்னே தள்ளுங்கள். செயின் அங்கேயே நிற்கவேண்டும், தயங்கி நிற்பது போதாது. எஞ்சினை நிறுத்திவிட்டு இன்னொன்று: பின்கைப்பிடியை மட்டும் பிடித்து, முன்பக்கத்தைத் தாழ்வான ஒரு மரக்கட்டையின் மேல் விழவிடுங்கள். பார் நுனி மோதும்போது காப்பு தானாக விழவேண்டும்.

செயின் தீட்டுவது தனியாகவே எழுதவேண்டிய விஷயம். தென்னை மரம் செயினைச் சீக்கிரம் மழுக்கும் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். சாதாரண 3/8 செயினுக்கு கம்பெனியைப் பொறுத்து 5.2 அல்லது 5.5 மி.மீ. உருட்டு அரம், .325 செயினுக்கு 4.8. பல்லுக்கு முன்னால் இருக்கும் திமிலை வேகத்துக்கு ஆசைப்பட்டு அதிகமாக அரத்தால் தேய்த்துவிடாதீர்கள். செயின் மரத்தைக் கடித்து இழுக்கும், எறிதல் கூடும். பாருக்கு ஊற்ற பைக்கில் வடித்த கறுப்பு ஆயில் வேண்டாம், அதிலிருக்கும் இரும்புத்தூள் பம்ப்பையும் பாரையும் அரிக்கும்.

அந்தத் தம்பியின் மெஷினுக்கு பிரேக் பட்டை, லீவர், ஸ்பிரிங், கொக்கி எல்லாம் வரவழைக்க ஒன்பது நாள் ஆனது. மாட்டியதை நான் செய்யவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து அவரையே செய்யவைத்தேன். செயின் ஊர்ந்ததற்குக் காரணம் ஐடிலிங் ஸ்குரூ மட்டுமல்ல, கிளட்ச் ஸ்பிரிங் ஒன்று அறுந்திருந்தது. முடித்துவிட்டுப் பட்டறை வாசலில் கிடந்த தென்னந்துண்டில் அவர் முதல் வெட்டுப் போட்டார், நிறுத்தினார், மணிக்கட்டால் காப்பைத் தட்டிப் பார்த்தார். நான் சொல்லாமலே தட்டினார். வீட்டுக்குக் கிளம்பும்முன் மிச்சப் பெட்ரோலை வடித்துவிட்டு, கார்ப்பரேட்டரில் இருந்ததும் தீரும்வரை ஓடவிட்டு நிறுத்தி, வெறும் டேங்கோடு எடுத்துப்போனார்.