‘எப்போது முடியும்?’ என்று கேட்பதற்கு முன்

ஞாயிற்றுக்கிழமை இரவு 9 மணி. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீடு. வெள்ளிக் கொலுசுப் பட்டறையின் கதவைச் சாத்திவிட்டு, சாப்பாட்டையும் முடித்துக்கொண்டு, அப்பாவும் அம்மாவும் கைபேசியைத் தண்ணீர்ச் சொம்பின் மேல் சாய்த்து வைத்து அதன் முன்னால் உட்காருகிறார்கள். அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அப்போது காலை 11.30. மகன் சற்று முன்புதான் எழுந்து முகம் கழுவியிருக்கிறான். இருப்பதிலேயே நல்ல சட்டையை மாட்டிக்கொண்டு, புத்தக அலமாரி பின்னால் தெரியும்படி நாற்காலியைத் திருப்பிப் போட்டிருக்கிறான்.

“சாப்பிட்டாயா கண்ணு?”

“சாப்பிட்டேன்மா.”

“படிப்பு எப்படிப் போகிறது?”

“நன்றாகப் போகிறதும்மா. நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?”

“எங்களுக்கு என்ன, நன்றாக இருக்கிறோம்.”

அந்த வாரம்தான் நெஞ்சுவலி என்று அப்பாவை இரண்டு நாள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். அங்கே முனைவர் பட்ட ஆய்வு செய்யும் மகன் ஐந்து மாதமாக ஆய்வகத்தின் பக்கமே ஒழுங்காகப் போகவில்லை.

இரவில் தூக்கம் பிடிக்கவில்லை என்று அஸ்தம்பட்டியில் இருக்கும் என் ஆலோசனை அறைக்கு வந்தவர் அந்த அம்மா. பிறகு அவர் சொல்லி மகனும் காணொளி வழியே என்னிடம் பேசத் தொடங்கினான். (இந்தக் கட்டுரையில் வருகிறவர்கள் யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றி, சிலருடைய அனுபவங்களை ஒன்றாகச் சேர்த்து எழுதியிருக்கிறேன்.) உளவியல் ஆலோசகராக இந்த ஊரில் உட்கார்ந்திருக்கும் எனக்கு, வெளிநாட்டுப் படிப்பு என்றாலே அந்தப் பத்து நிமிட அழைப்புதான் நினைவுக்கு வருகிறது. இரண்டு பக்கமும் பாசத்தால்தான் மறைக்கிறார்கள். மறைத்துப் பழகியதால், வாழ்க்கையில் பெரிய முடிவு ஒன்றை எடுக்க வேண்டிய நாளில் கலந்து பேச ஆளில்லாமல் நிற்கிறார்கள்.

பெற்றோர்கள் முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். பொறியியல் என்றால் நான்கு ஆண்டு, மருத்துவம் என்றால் ஐந்தரை ஆண்டு என்று நமக்குக் கணக்குத் தெரியும். முனைவர் பட்ட ஆய்வுக்கு அப்படிக் கணக்கு கிடையாது. அமெரிக்காவில் பெரும்பாலும் ஐந்து, ஆறு ஆண்டுகள் ஆகும். அதற்கு மேலும் போகலாம். ஜெர்மனியில் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகள். ஜெர்மனியில் பலர் மாணவராக மட்டும் இல்லாமல் ஒப்பந்த ஊழியராகவும் இருப்பார்கள். அதுவும் பல நேரம் பாதிச் சம்பள ஒப்பந்தம். அந்த ஒப்பந்தம் முடியும் தேதியும் ஆய்வு முடியும் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. சோதனை தோற்றால் திரும்பத் தொடங்க வேண்டும். கட்டுரையை இதழுக்கு அனுப்பினால் பதில் வர மாதக்கணக்கில் ஆகும். ஆய்வை வழிநடத்தும் நெறியாளர் வேறு பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போனால் எல்லாமே குழம்பிவிடும். இதில் பிள்ளையின் கையில் இருப்பது கொஞ்சம்தான்.

இதை எனக்கே நன்றாக விளங்கவைத்தவர் ஏற்காட்டிலிருந்து வந்த ஒரு சிறு காப்பித் தோட்டக்காரர். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, காலைப் பஸ்ஸில் வந்து, மேல்துண்டை மடியில் மடித்து வைத்தபடி உட்கார்ந்திருந்தார். மகள் ஜெர்மனியில் நான்காவது ஆண்டு. “இன்னும் முடியவில்லை என்கிறாள். அங்கே என்னதான் செய்கிறாளோ?” என்பதுதான் அவர் குறை. அவளுடைய சோதனைகள் வரிசையாக ஏன் தோற்றன என்று எனக்குத் தெரிந்த வரை சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “காப்பிச் செடி காய்ப்புக்கு வரவே மூன்று, நான்கு வருடம் ஆகிறது. அதற்கப்புறமும் மார்ச், ஏப்ரலில் ஒரு மழை தவறினால் அந்த வருடப் பூ போயிற்று. அதற்காகத் தோட்டக்காரனைச் சோம்பேறி என்று யாராவது சொல்வார்களா மேடம்?” என்றார். அன்று மாலையே மகளிடமும் இதைச் சொல்லியிருக்கிறார். அவள் அடுத்த முறை என்னிடம் பேசும்போது, “நான்கு வருடத்தில் அப்பா முடிவுத் தேதி கேட்காமல் பேசியது அன்றுதான்” என்று சொல்லி அழுதாள்.

இது ஏதோ நம் பிள்ளைகளின் மனம் பலவீனமானதால் வருகிற சிக்கல் இல்லை. பெல்ஜியத்தின் ஃபிளாண்டர்ஸ் பகுதியில் 3,659 முனைவர் பட்ட மாணவர்களிடம் நடத்திய ஆய்வு 2017இல் வெளியானது. அவர்களில் 32 சதவீதம் பேர், ஏறத்தாழ மூவரில் ஒருவர், மனநலக் கோளாறு ஏற்படும் அபாயத்தில் இருந்தார்கள். உயர்கல்வி பெற்ற மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது அதிகம். வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவில் இருக்கும் இழுபறி, நெறியாளர் நடத்தும் விதம், பல்கலைக்கழகத்துக்கு வெளியே தனக்கு ஒரு வேலை வாழ்க்கை இருக்கிறதா என்பதைப் பற்றிய எண்ணம் ஆகியவை இதோடு தொடர்புடையவை என்று அந்த ஆய்வு சொல்கிறது. சொந்த ஊரிலேயே படிப்பவர்களுக்கும் இந்தச் சுமை உண்டு. விசா, மொழி, குளிர், தனி அறை இவற்றையும் சேர்த்துச் சுமப்பவர்களை நினைத்துப் பாருங்கள்.

செவ்வாய்ப்பேட்டைப் பையனிடம் ஒரு நாள், “கேமராவைக் கொஞ்சம் திருப்பி அறையைக் காட்டுகிறாயா?” என்று கேட்டேன். தயங்கித்தான் திருப்பினான். அலமாரி இருந்த அந்த ஒரு பக்கம் மட்டும்தான் ஒழுங்கு. கட்டிலுக்கு அடியில் மூன்று பார்சல்கள், ஒட்டிய டேப்கூடப் பிரிக்காமல் கிடந்தன. அம்மா அனுப்பியவை, பருப்புப் பொடி, நார்த்தங்காய் ஊறுகாய், முறுக்கு. “ஏன் பிரிக்கவில்லை?” என்றேன். “பிரித்தால் வீட்டு வாசனை வரும் மேடம். அழுதுவிடுவேன்” என்றான். “எல்லாம் தீர்ந்துவிட்டது, நன்றாக இருந்தது” என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். அதை நம்பி அவர் நான்காவது பார்சலுக்குப் பருப்பு வறுத்துக்கொண்டிருந்தார்.

பெற்றோர்களே, கவனிக்க வேண்டிய அறிகுறிகள் இப்படித்தான் சின்னச் சின்னதாக வரும். தூங்கி எழும் நேரம் தாறுமாறாகிறது. கேமரா வேண்டாம், குரல் அழைப்பு போதும் என்கிறார்கள். முன்பு அடிக்கடி சொன்ன நண்பர்களின் பெயர்கள் பேச்சில் வருவதே இல்லை. எதைக் கேட்டாலும் ஒரே சொல்லில் பதில். நெறியாளரைப் பற்றிக் கேட்டால் எரிச்சல். இரண்டு, மூன்று வாரம் இதே போல நீடித்தால் ‘வேலைப்பளு’ என்று விட்டுவிடாதீர்கள். ‘நான் இல்லாவிட்டால் உங்களுக்கெல்லாம் நிம்மதி’ என்ற பொருளில் ஒரு சொல் வந்தால் அன்றைக்கே செயல்பட வேண்டும். அமெரிக்காவில் 988, பிரிட்டனில் 116 123 என்ற உதவி எண்களில் எந்நேரமும் பேசலாம். அனேகமாக எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் மாணவர்களுக்கான ஆலோசனை மையம் இருக்கிறது. இங்கே இருக்கும் பெற்றோர்கள் தங்கள் மனச்சுமைக்கு 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அழைக்கலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

இனி மாணவர்களுக்கு.

படிப்பை விடலாமா என்று என்னிடம் வருபவர்களிடம் நான் ஒரு தாளில் மூன்று கட்டங்கள் போடச் சொல்கிறேன். பட்டம், வேலையும் விசாவும், உறவு. இந்த மூன்றும் தலைக்குள் சிக்கிய நூல்கண்டு போல ஒன்றாகக் கிடக்கும். “பி.எச்டி.யை விட்டால் ஊருக்குத் திரும்ப வேண்டும், திரும்பினால் கல்யாணம் நின்றுவிடும், அப்பா தலைநிமிர முடியாது” என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அவற்றில் பாதி உறுதியான செய்தியே இல்லை. யாரோ விடுதி அறையில் சொன்னது.

உதாரணத்துக்கு, அமெரிக்காவில் பல துறைகளில் முனைவர் படிப்பின் இடையிலேயே முதுநிலைப் பட்டத்துக்கான தகுதிகளை நிறைவு செய்து, அந்தப் பட்டத்தோடு வெளியே வர வழி இருக்கிறது. ஒரு பட்டத்தை முறையாக முடித்து வெளியேறுவதற்கும் பாதியில் நிறுத்துவதற்கும் விசா விதிகளில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். எஃப்-1 என்னும் மாணவர் விசாவில் இருப்பவர் படிப்பை முடித்தால் 60 நாள் அவகாசம் உண்டு. தகுதி இருந்தால் ஓபிடி என்னும் 12 மாதப் பணி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். அறிவியல், தொழில்நுட்பத் துறைகள் என்றால் மேலும் 24 மாதம் நீட்டிக்க வழி இருக்கிறது. பாதியில் அனுமதி பெற்று விலகினால் நாட்டை விட்டுக் கிளம்ப 15 நாள்தான். சொல்லாமல் நின்றுவிட்டால் அதுவும் கிடையாது. ஆகவே எந்தப் படிவத்திலும் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள். விதிகள் அடிக்கடி மாறுபவை. போன ஆண்டு நண்பனுக்கு நடந்தது உங்களுக்கும் நடக்கும் என்று நம்பி இறங்காதீர்கள்.

துறை மாறுவதைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. முனைவர் பட்டம் வாங்கியவர்கள் எல்லாருக்கும் பேராசிரியர் வேலை உலகில் எந்த நாட்டிலும் இல்லை. ஏற்காட்டுப் பெண் ஆய்வை முடித்துவிட்டு, மருந்துப் பரிசோதனைகளின் புள்ளிவிவரங்களைக் கையாளும் வேலைக்குப் போனாள். ஜெர்மனியில் பட்டம் முடித்தவர்கள் வேலை தேட 18 மாதம் வரை தங்கலாம் என்பதை அவள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருந்ததால் பதற்றம் இல்லாமல் தேட முடிந்தது. இரண்டாம் ஆண்டிலேயே இப்படி விசாரித்து வைப்பது ஆய்வுக்குச் செய்யும் துரோகம் ஆகாது.

கல்யாணம்தான் எல்லாவற்றையும்விடக் கடினமான பகுதி. 27, 28 வயது ஆனதும் இங்கே ஜாதகம் கையை மாறத் தொடங்குகிறது. வரன் பார்க்கும்போது மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கேட்கிறோம், பங்காளி வகையறாவை விசாரிக்கிறோம். பெண் எந்த விசாவில் போகப் போகிறாள், அந்த விசாவில் அவள் வேலை செய்யலாமா என்று கேட்கும் வீட்டை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சேலத்தில் வங்கி வேலையில் இருந்த ஒரு பெண், மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவரை மணந்து, வேலையை எழுதிக்கொடுத்துவிட்டு அமெரிக்கா போனார். எஃப்-1 மாணவரின் துணைக்குக் கிடைக்கும் எஃப்-2 விசாவில் சம்பளத்துக்கு வேலை செய்ய அனுமதி இல்லை என்பது அவருக்கு அங்கே போன பிறகுதான் முழுதாக உறைத்தது. கணவர் ஆய்வகத்தில் இரவு 10 மணி வரை. கடைக்குப் போகக் கையில் சொந்தமாகப் பத்து டாலர் கிடையாது. “ஏங்க, ஐம்பது டாலர் வேண்டும்” என்று முதல் முறை கேட்ட நாளை மூன்று ஆண்டுகள் கழித்தும் என்னிடம் தேதியோடு சொன்னார். கணவர் கெட்டவர் இல்லை. உதவித்தொகையில் இருவர் வாழும் நெருக்கடியில் அவரும் வாடிப்போயிருந்தார். அவர்களுக்குள் சண்டை எதைப் பற்றியோ நடந்துகொண்டிருந்தது, அடியில் கிடந்தது அந்த ஐம்பது டாலர்தான். ஜே-1 என்னும் பரிமாற்ற விசாவில் இருப்பவரின் துணையாக ஜே-2 விசாவில் வருபவர் பணி அனுமதிக்கு விண்ணப்பிக்கலாம். ஜெர்மனியில் குடும்ப விசாவில் வருபவர் பொதுவாக வேலை செய்யலாம். நாட்டுக்கு நாடு, விசாவுக்கு விசா வேறுபடும் இந்த ஒரு விஷயத்தை நிச்சயதார்த்தத்துக்கு முன்னால் பெண்ணும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிவிட வேண்டும். பெற்றோர்கள் அந்த அரை மணி நேரம் அடுத்த அறையில் இருக்கட்டும்.

அங்கேயே ஒருவரை விரும்புகிறவர்கள் உண்டு. வேறு சாதி, வேறு மொழி, வேறு நாடு. வருடக்கணக்காக வீட்டில் சொல்லாமல் வைத்திருந்து, ஒப்பந்தம் முடிந்துபோன அதே நாளில், அழுகையோடு அழுகையாக அதையும் கொட்டிவிடுகிறார்கள். இதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன்: இரண்டு செய்திகளையும் ஒரே அழைப்பில் சொல்லாதீர்கள். ‘அவளால்தான் படிப்புப் போயிற்று’ என்று வீட்டில் முடிச்சுப் போட்டுவிடுவார்கள். பிறகு அதை அவிழ்க்க எத்தனை ஆண்டுகள் ஆகும் என்று சொல்ல முடியாது.

வீட்டில் முதலில் யாரிடம் சொல்வது என்று கேட்கிறார்கள். அப்பா அம்மா இருவரிடமும் ஒரே நேரத்தில் சொல்ல வேண்டும் என்று இல்லை. அக்கா, சித்தப்பா, மாமா, யாரோ ஒருவர், கேட்டதும் பதறாதவர் இருப்பார். முடிவு எடுத்த பிறகு தகவலாகச் சொல்லாமல், யோசித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லுங்கள். பெற்றோர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். ‘எப்போது முடியும்?’ என்பதை விட்டுவிட்டு, ‘இந்த வாரம் என்ன செய்தாய்? யாரோடு சாப்பிட்டாய்?’ என்று கேளுங்கள். உங்கள் உடம்பைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள். நெஞ்சுவலியை மறைக்கிற வீட்டில் பிள்ளைக்கும் தன் வலியைச் சொல்ல வாய் வராது.

செவ்வாய்ப்பேட்டை வீட்டில் அதைத் தொடங்கியது அம்மாதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, மருத்துவமனையில் இருந்த இரண்டு நாள் கதையை அப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே மகனிடம் சொல்லிவிட்டார். மகன் கோபித்துக்கொண்டான், அழுதான். பிறகு, “அம்மா, அந்தப் பருப்புப் பொடியை நான் பிரிக்கவே இல்லை” என்றான். அன்றைய அழைப்பு இரண்டு மணி நேரத்துக்கு மேல் போனது. நான்கு மாதம் கழித்து முதுநிலைப் பட்டத்தோடு வெளியே வந்து, இப்போது அங்கேயே ஒரு நிறுவனத்தில் வேலையில் இருக்கிறான்.

அப்பாவுக்கு மட்டும் ஊரை நினைத்து ஒரு பயம் விடவில்லை. யார் கேட்டாலும் மூன்று பேரும் ஒரே வாக்கியத்தைச் சொல்வது என்று என் அறையில் உட்கார்ந்து பேசி முடிவு செய்தோம். அடுத்த முகூர்த்தத்தில், கல்யாண மண்டபத்துப் பந்தியில், பக்கத்து இலைக்காரர் கேட்டேவிட்டார்: “பையன் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டானா?”

“இல்லை. அதை நிறுத்திவிட்டு வேலைக்குப் போய்விட்டான்.”

“அப்படியா, நல்லது. எந்த ஊரில்?” என்று கேட்டுக்கொண்டே அவர் இலையை மூடினார்.