"அதுக்குமா ஆயில் இருக்கு?"

டிஃபரன்ஷியல் ஆயிலைக் கடைசியாக எப்போது மாற்றினீர்கள் என்று கேட்டால், பழைய வேன் வைத்திருப்பவர்கள் பலர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கிறார்கள். சமீபத்தில் வந்த ஒருவர் கேட்டே விட்டார்: "அதுக்குமா ஆயில் இருக்கு?" இன்ஜின் ஆயிலைத் தவணை தவறாமல் மாற்றுகிற மனிதர்தான். வேன் வாங்கி 11 வருடம் ஆகிறது, பின் ஆக்ஸில் பக்கம் ஒருமுறைகூட ஸ்பேனர் போனதில்லை. வேகம் 60 கிலோமீட்டரைத் தாண்டினால் பின்னாலிருந்து ஊளைச் சத்தம். டயர்தான் கத்துகிறது என்று யாரோ சொல்ல, இரண்டு டயரையும் மாற்றிவிட்டு அதன் பிறகுதான் என்னிடம் வந்தார்.

வேனுக்கு அடியில் குனிந்து பார்த்தால் பின் ஆக்ஸிலுக்கு நடுவில் பூசணிக்காய் போல் புடைத்திருக்கிறதே, அதுதான் டிஃபரன்ஷியல். கியர்பாக்ஸிலிருந்து பின்னால் நீளும் புரொப்பல்லர் ஷாஃப்டில் வரும் சுழற்சியை உள்ளே இருக்கும் பினியன் என்ற சிறிய பல்சக்கரம் வாங்கி, கிரவுன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்துக்குக் கொடுத்து இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் திருப்பி விடுகிறது. வளைவில் வெளிச்சக்கரம் அதிக தூரம் ஓட வேண்டியிருப்பதால் நடுவிலுள்ள சின்ன கியர்கள் அந்த வித்தியாசத்துக்கு இடம் கொடுக்கின்றன. வேலை இவ்வளவுதான். ஆனால் வண்டியின் மொத்த இழுவையும் பினியன், கிரவுன் என்ற இந்த ஒரு ஜோடிப் பற்கள் வழியாகத்தான் போகிறது.

பழைய வேனில் முதல் சிக்கல், உள்ளே இருப்பது எந்த ஆக்ஸில் என்று தெரியாததுதான். ஒரே மாடல், ஒரே வருட வண்டிக்கே இரண்டு மூன்று வகை ஆக்ஸில் போட்டு விற்றிருப்பார்கள். ஃபோர்டு வேன் என்றால் டிரைவர் கதவுப் பக்கத்து லேபிளில் ஆக்ஸில் என்ற இடத்தில் ஒரு குறியீடு இருக்கும். ஜெனரல் மோட்டார்ஸ் (ஜிஎம்) வேன்களில் ஆப்ஷன் குறியீடுகள் அச்சிட்ட ஸ்டிக்கர் உண்டு. அதில் ஜிடி4 என்றிருந்தால் விகிதம் (சக்கரங்கள் ஒரு சுற்று வர ஷாஃப்ட் எத்தனை சுற்று வர வேண்டும் என்ற கணக்கு) 3.73, ஜியூ6 என்றால் 3.42, ஜி80 என்றால் ஒரு சக்கரம் வழுக்கும்போது இரண்டையும் சேர்த்துப் பூட்டும் லாக்கிங் வகை. இதெல்லாம் வண்டி ஃபேக்டரியை விட்டு வந்த நாளின் கதை. இடையில் யாராவது பழைய ஆக்ஸிலைக் கழற்றிவிட்டு வேறொன்றை மாட்டியிருந்தால் ஸ்டிக்கருக்கு அது தெரியாது. அதனால் ஸ்டிக்கரைப் படித்ததோடு நிற்காமல் நான் ஹவுசிங்கையும், அதாவது அந்தப் பூசணிக்காய்க் கூட்டையும் பார்ப்பேன். பின்பக்கம் போல்ட் போட்ட கவர் இருக்கிறதா, அல்லது பின்பக்கம் மூடியே இருந்து முன்பக்கமாக மொத்தத்தையும் இறக்கும் வகையா? கவர் இருந்தால் போல்டை எண்ணுவது வழக்கம், ஆனால் அதை மட்டும் நம்பக் கூடாது. ஃபோர்டு 8.8 அங்குல ஆக்ஸிலுக்கும் 10 போல்ட், டானா கம்பெனியின் 60 என்ற ஆக்ஸிலுக்கும் 10 போல்ட். கவரின் வடிவத்தையும் வார்ப்பில் இருக்கும் எண்ணையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். சில வண்டிகளில் கவர் போல்ட் ஒன்றோடு சின்னத் தகடு மாட்டியிருப்பார்கள். துருவைச் சுரண்டினால் விகிதமே அதில் இருக்கும். கவர் கழற்றிய முந்தைய ஆள் அதைத் தூக்கி எறியாமல் இருந்திருந்தால்.

தகடு இல்லையென்றால் கையால் எண்ணிவிடலாம். முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கியரை நியூட்ரலில் வைத்து, பின்சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கை விடுங்கள். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றினால், ஷாஃப்ட் எத்தனை சுற்று வருகிறதோ அதுதான் விகிதம். நாலு சுற்றுக்குக் கொஞ்சம் கூட வந்தால் 4.10 ஆக இருக்கலாம், அதாவது கிரவுனில் 41 பல், பினியனில் 10. (ஏன் சுத்தமாக 40 வைக்கவில்லை என்றால், 40க்கு 10 என்றால் ஒரே பற்கள் திரும்பத் திரும்ப ஒன்றையொன்று சந்திக்கும். 41 என்றால் எல்லாப் பற்களும் எல்லாப் பற்களோடும் உரசிச் சமமாகத் தேயும்.) ஒரு சக்கரத்துக்கு ஏன் இரண்டு சுற்று? மற்றது தரையில் நிற்பதால் கிரவுன் பாதிதான் சுற்றும். இந்தக் கணக்கு சாதாரண டிஃபரன்ஷியலுக்குத்தான் பொருந்தும். ஒரு சக்கரம் மட்டும் வீணாகச் சுற்றாமல் கட்டுப்படுத்தும் லிமிடெட் ஸ்லிப் வகையில் தூக்கிய சக்கரம் கையால் சுலபமாகத் திரும்பாது, அதுவே ஓர் அடையாளம்.

கட்டை கொடுக்கச் சொன்னதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பின்சக்கரங்களால் ஓடும் வண்டியைக் கியரிலோ பார்க்கிலோ போட்டுவிட்டோமே, அசையாது என்று நினைத்து ஒரு பின்சக்கரத்தைத் தூக்குகிறார்கள். தூக்கியது காற்றில் சுற்ற இடம் கிடைத்ததும் தரையில் இருப்பது உருளலாம். அந்தச் சுதந்திரத்தைக் கொடுப்பது இதே டிஃபரன்ஷியல்தான். வேன் ஜாக்கியிலிருந்து நழுவுவதை நான் ஒருமுறை பார்த்திருக்கிறேன், அடியில் ஆள் இல்லாதது அதிர்ஷ்டம்.

ஆயிலுக்கு வருவோம். பெரும்பாலான வேன்களில் இருப்பது ஹைப்பாய்டு கியர். 1926இல் பேக்கார்டு கம்பெனி கார்களில் கொண்டுவந்தது. பினியன் கிரவுனின் நடுமட்டத்துக்குக் கீழே உட்காருவதால் ஷாஃப்ட் தாழ்கிறது, தளமும் தாழ்கிறது. அதற்குக் கொடுக்கிற விலை, பற்கள் உருளும்போதே ஒன்றன்மேல் ஒன்று வழுக்குகின்றன. சாதாரண ஆயில் படலம் அந்த அழுத்தத்தில் கிழிந்துவிடும். அதனால்தான் கந்தகச் சேர்க்கை கொண்ட ஜிஎல்-5 தர ஆயில், அந்த நாற்றமும் அதனால்தான். ஆயிலின் கெட்டித்தன்மை எண் பல வேன்களுக்கு 80டபிள்யூ-90, அதிகச் சுமை இழுக்கும் சிலவற்றுக்கு 75டபிள்யூ-140. மேனுவலில் எது இருக்கிறதோ அதுவே. மிச்சமான ஜிஎல்-5ஐக் கியர்பாக்ஸில் ஊற்றும் பழக்கம் வேண்டாம், கியர் சுலபமாக விழ உதவும் பித்தளை சிங்க்ரோ ரிங்குகளை அது அரிக்கக்கூடும். லிமிடெட் ஸ்லிப் என்றால் தனியாக ஒரு சேர்க்கை திரவம் தேவைப்படலாம். அதை விட்டால் மெதுவாகத் திருப்பும்போது பின்பக்கம் உதறும்.

வேலையில் நான் மாறாமல் வைத்திருக்கும் வழக்கம் ஒன்று: ஆயிலை இறக்கும் டிரெயின் பிளக்கைத் தொடுவதற்கு முன், ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பது. ஆயிலை முழுக்க இறக்கிவிட்டு, மேலே இருப்பது துருவில் இறுகித் திறக்கவே இல்லை என்றால் வேன் அங்கேயே நிற்க வேண்டியதுதான். கொஞ்ச தூரம் ஓட்டி ஆயில் சூடான பிறகு இறக்கினால் அடிச்சேறும் வரும். நிரப்பும்போது வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும். ஃபில்லர் துளையின் கீழ்விளிம்பில் ஆயில் தளும்பினால் போதும், சில ஆக்ஸில்களில் அதற்கும் சற்றுக் கீழே.

சீல் கசிவில் நானே ஏமாந்த கதை உண்டு. ஒரு வேனில் பின்சக்கரத்து சீல் கசிந்து பிரேக் ஷூ முழுக்க ஆயில். சீல் மாற்றினேன், இரண்டு மாதத்தில் மறுபடியும் கசிவு. மட்டமான சீல் என்று கடைக்காரரைத் திட்டிவிட்டு இன்னொன்று போட்டேன். மூன்றாவது தடவைதான் ஹவுசிங் மேலிருக்கும் பிரீதரை, அதாவது உள்காற்று போய்வரும் துளையைப் பார்த்தேன். விரல் நுனி அளவு குமிழ், சேறு இறுகி மூடியிருந்தது. ஓடும்போது உள்ளே காற்று சூடாகி விரிகிறது, போக வழியில்லாமல் சீலைத் தள்ளுகிறது. கம்பியால் குத்திச் சுத்தம் செய்ததும் அடுத்த சீல் தங்கியது. அடைத்த பிரீதர் எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். சூடான ஆக்ஸில் தண்ணீரில் இறங்கிக் குளிரும்போது, சீல் ஓரமாகத் தண்ணீரை உள்ளே இழுக்கும். இறக்கிய ஆயில் பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் அதுதான் காரணம்.

சத்தத்தை வைத்துப் பிரிக்க ஒரு வழி: ஊளை வரும் வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தும் விட்டும் பாருங்கள். அதோடு சத்தம் மாறினால் கிரவுன் பினியனையோ பினியன் பேரிங்கையோ சந்தேகிக்கலாம். மாறாமல் இருந்து, ஸ்டியரிங்கை லேசாக இப்படியும் அப்படியும் திருப்பும்போது கூடிக் குறைந்தால் சக்கர பேரிங். சாலையின் மேற்பரப்பு மாறும்போது மாறினால் டயர். கியர் மாற்றும்போது மட்டும் 'டொக்' என்றால் டிஃபரன்ஷியலைத் திறக்கும் முன் ஷாஃப்டின் கிராஸ் ஜாயிண்டைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

பினியன் முன்பக்கம் கசிகிறது, சத்தம் வேறு என்று நடு நட்டை நாலு முறுக்கு முறுக்கிவிடுபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். பல ஆக்ஸில்களில் அந்த நட்டுதான் பேரிங்கின் இறுக்கத்தைத் தீர்மானிக்கிறது. உள்ளே நசுங்கும் ஸ்லீவ் ஒன்று உண்டு, ஒரு தடவை அதிகம் நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. பேரிங் சூடாகி நீலம் பாரித்து வந்த ஆக்ஸில்கள் சில என் மேஜைக்கு இப்படித்தான் வந்தன.

11 வருட வேனுக்குத் திரும்புகிறேன். ஆக்ஸிலரேட்டரை விட்டதும் ஊளை அடங்கியது. ஃபில்லர் பிளக்கைத் திறந்து விரலை மடக்கி உள்ளே விட்டேன், நகம்கூட நனையவில்லை. இறக்கியபோது வந்தது கால் லிட்டருக்கும் குறைவு, தார் மாதிரி. டிரெயின் பிளக் காந்தத்தில் சாம்பல் நிறக் களிம்பு, அது இருப்பது இயல்பு. விரலில் தேய்த்துப் பார்த்தேன், சில்லுகள் தட்டுப்படவில்லை. கசிவு பினியன் சீலில். நட்டின் இடத்தைக் குறித்துக்கொண்டு கழற்றி, சீலை மாற்றி, அதே குறிக்கு இறுக்கினேன். புது ஆயில் ஊற்றியதும் ஊளை குறைந்தது, போய்விடவில்லை. தேய்ந்த பல் ஆயிலால் வளராது. கிரவுன் பினியனை மாற்றிவிடலாமா என்றார். சில்லு வராதவரை இப்படியே ஓட்டுங்கள் என்றேன். 1,000 கிலோமீட்டரில் ஆயிலை மறுபடி இறக்கிப் பார்ப்பதாகச் சொல்லி, தேதியையும் கிலோமீட்டரையும் ஹவுசிங்கிலேயே பெயின்ட் பேனாவால் எழுதி அனுப்பியிருக்கிறேன்.