அலுவலகத்து இயங்குதளம் வீட்டுக்கு வரும்போது

சில மாதங்களுக்கு முன் ஒரு பொறியாளர் தன் வீட்டுக் கணினியை என்னிடம் தூக்கிக்கொண்டு வந்தார். ஆறாம் தலைமுறை இன்டெல் சில்லு, 8 ஜிபி நினைவகம். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்கும் சில்லுகளின் பட்டியலில் இது இல்லை. "அலுவலகத்தில் நாள் முழுவதும் லினக்ஸில்தான் வேலை செய்கிறேன். ஒரு நாளும் நின்றதில்லை. வீட்டிலும் அதையே போட்டுவிடுங்கள்" என்றார்.

விண்டோஸுக்கு மாற்றாக இருக்கும் இலவச இயங்குதளமான லினக்ஸைப் பென் டிரைவிலிருந்து இயக்கிப் பார்த்தோம். திரை வந்தது, ஒலி வந்தது, வைஃபை உடனே பிடித்துக்கொண்டது. எதையும் அழித்துவிட வேண்டாம், இந்தப் பென் டிரைவோடு இரண்டு நாள் வீட்டில் ஓட்டிப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாம் நாள் திரும்பி வந்தார். பிரிண்டர் அச்சடிக்கிறது, ஆனால் அதிலேயே இருக்கும் ஸ்கேனர் அசையவில்லை. மனைவியின் கணக்கு மென்பொருள் விண்டோஸுக்கு மட்டுமே உண்டு. மகன் நண்பர்களோடு ஆடும் விளையாட்டு, ஏமாற்றுத் தடுப்பு நிரலைக் காரணம் காட்டி வாசலிலேயே நிறுத்திவிட்டது.

மூன்றில் ஒன்றுகூட இயங்குதளத்தின் குறை அல்ல. ஆனால் அது யாருடைய குறை என்று வீட்டில் யாரும் விசாரிப்பதில்லை.

அலுவலகத்தில் இயங்குதளத்தை முதலில் முடிவு செய்துவிட்டு அதற்கு ஒத்துப்போகும் இயந்திரத்தை வாங்குவோம். வீட்டில் இருக்கிற இயந்திரத்துக்கு இயங்குதளம்தான் ஒத்துப்போக வேண்டும். தள்ளுபடியில் வாங்கிய பிரிண்டர், யாரோ பரிசளித்த வெப்கேமரா, எல்லாவற்றுக்கும் டிரைவர், அதாவது அந்தச் சாதனத்தோடு இயங்குதளம் பேச உதவும் சிறு நிரல், வேண்டும். இன்னொன்றும் உண்டு. அவர் அலுவலகத்தில் லினக்ஸ் ஒரு நாளும் நிற்காததற்குப் பாதிக் காரணம், இரவில் உட்கார்ந்து அதைப் பராமரிக்கும் என்னைப் போன்ற ஒருவர். அந்த ஆள் வீட்டுக்கு வருவதில்லை.

இது இன்றைய சிக்கல் அல்ல. 1993-இல் மட்டும் ஒர்க்ஸ்டேஷன் எனப்படும் தொழில்முறைக் கணினிகளின் தரத்திலான மூன்று இயங்குதளங்கள் சாதாரண இன்டெல் கணினிக்கு வந்து சேர்ந்தன: நெக்ஸ்ட் நிறுவனத்தின் நெக்ஸ்ட்ஸ்டெப், சன் நிறுவனத்தின் சோலாரிஸ், மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் என்டி. தொழில்நுட்பத்தில் மூன்றுமே அன்றைய வீட்டுக் கணினி இயங்குதளமான டாஸைவிட எங்கோ மேலே. ஒரு நிரல் விழுந்தால் மொத்தக் கணினியும் சேர்ந்து விழாது என்பதே அந்நாளில் பெரிய காரியம். ஆனால் என்டிக்குக் குறைந்தது 12 எம்பி நினைவகம் வேண்டும். அன்று பல வீட்டுக் கணினிகளில் இருந்ததோ நான்கு. எந்தக் காட்சி அட்டை, எந்த வன்தட்டுக் கட்டுப்படுத்தி ஒத்துப்போகும் என்று தனிப் பட்டியல் வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். விலையும் வீட்டுக்கானது அல்ல.

அந்த மூன்றில் இரண்டு கடைசியில் வீட்டுக்குள் வந்தேவிட்டன. யாரும் கவனிக்கவில்லை, அவ்வளவுதான். 1996 டிசம்பரில் நெக்ஸ்டை வாங்குவதாக ஆப்பிள் அறிவித்தது. 2001 மார்ச்சில் மேக் ஓஎஸ் எக்ஸ் என்ற பெயரில் வெளிவந்தது நெக்ஸ்ட்ஸ்டெப்பின் வாரிசுதான். அதே ஆண்டு அக்டோபரில் வந்த விண்டோஸ் எக்ஸ்பியின் உள்ளே இருந்தது என்டி. இடைப்பட்ட எட்டு ஆண்டுகளில் நினைவகம் மலிந்தது, சாதனம் செய்பவர்கள் டிரைவர் எழுதினார்கள், பழைய நிரல்களை ஓட்ட வழி செய்யப்பட்டது. அப்படியும் ஆப்பிள் அவசரப்படவில்லை. புதிய மேக்குகள் இயல்பாகவே ஓஎஸ் எக்ஸில் துவங்கத் தொடங்கியது 2002 ஜனவரியில்தான். எக்ஸ்பி கணினி வாங்கிய வீட்டில் எத்தனை பேருக்கு என்டி என்ற பெயர் தெரிந்திருக்கும்?

லினக்ஸும் அதே வழியில்தான் வருகிறது. ஆண்ட்ராய்டின் அடியில் இருப்பது அதன் கெர்னல், அதாவது மையப்பகுதிதான். குரோம்புக்கிலும் அதுதான். 2022-இல் வந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் ஓடுவது, லினக்ஸின் ஒரு வகையான ஆர்ச் லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட தளம். விண்டோஸ் விளையாட்டுகளை லினக்ஸில் ஓட்டும் புரோட்டான் என்ற மென்பொருள் 2018-இலேயே வந்துவிட்டதால், ஸ்டீம் டெக்கை வாங்கியவர்கள் இயங்குதளத்தைப் பற்றி யோசிக்கவே தேவையிருக்கவில்லை. செய்த நிறுவனமே உள்ளே போட்டுக் கொடுத்தால் விற்கிறது. வாங்கியவர் தானே நிறுவிக்கொள்ள வேண்டும் என்றால் ஆர்வலரோடு நின்றுவிடுகிறது. டிரைவரைப் பற்றிய கவலை முதல் வகையில் விற்பவருக்கு, இரண்டாவதில் உங்களுக்கு.

அதனால் விண்டோஸ் 10 முடிந்ததும் எல்லாரும் லினக்ஸுக்கு வந்துவிடுவார்கள் என்ற பேச்சை நான் பாதிதான் நம்புகிறேன். மாற நினைப்பவர்கள் ஒன்று செய்யுங்கள்: வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் ஒரு வாரத்தில் கணினியில் என்னென்ன செய்கிறார்கள் என்று தாளில் எழுதுங்கள். வருடத்துக்கு ஒரு முறை செய்வதையும் விடாதீர்கள், அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். பிறகு பென் டிரைவிலிருந்து ஓட்டி, ஒவ்வொன்றாகச் செய்து பாருங்கள். மூடி வைத்த மடிக்கணினி மறுபடி விழிக்கிறதா என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்புகளுக்கு வெளி வட்டில் ஒரு பிரதி எடுக்காமல் வன்தட்டைத் தொடவே வேண்டாம்.

பொறியாளர் வீட்டுக்கு விண்டோஸ் 11 உள்ள வேறு கணினி வாங்கிவிட்டார். பழையதில் நாங்கள் போட்ட லினக்ஸோடு அது அவருடைய அப்பாவிடம் போனது. அவர் செய்தி படிப்பார், பாட்டுக் கேட்பார், பேத்தியோடு வீடியோவில் பேசுவார். எல்லாம் பிரௌசரிலேயே முடிந்துவிடுகிறது. மூன்று மாதத்தில் ஒரே ஒரு முறை என்னை அழைத்தார். எழுத்து சின்னதாக இருக்கிறதாம்.