நாலு சக்கரமும் இழுக்கும், நிறுத்துவது யார்?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் போன் வந்தது. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் ரோட்டில், குஞ்சப்பனைக்கு மேலே ஒரு வளைவில் வண்டி நின்றுவிட்டது, வந்து பாருங்கள் என்றார்கள். போனேன். வாங்கி ஐந்து மாதம்கூட ஆகாத ஃபோர் பை ஃபோர். பின்னால் ஒரு டிரெய்லர். அதில் இரண்டு மோட்டார் சைக்கிள், கூடாரம், ஐஸ் பெட்டி, ஜெனரேட்டர், அடுப்பு. முன்சக்கரம் இரண்டிலும் புகை. டிஸ்க் நீலம் பாய்ந்திருந்தது. பிரேக் பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதிப்பது மாதிரி தரை வரை போகிறது. ஓட்டி வந்த தம்பி கோயம்புத்தூர்க்காரர், நல்ல பையன், கை நடுங்கிக்கொண்டிருந்தது. பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப் பக்கத்து மண்மேட்டில் உரசி நிறுத்தியிருக்கிறார். அந்த நேரத்தில் அந்தப் புத்தி வந்ததே, பெரிய விஷயம்.

எந்த கியரில் இறங்கி வந்தீர்கள் என்று கேட்டேன்.

"நாலாவதுல அண்ணா. ஆனா ஃபோர் ஹை போட்டுத்தான் வந்தேன். ஃபோர் வீல் டிரைவ்தானே, பிடிச்சுக்கும்னு நினைச்சேன்."

இந்தப் "பிடிச்சுக்கும்" என்ற வார்த்தையை இந்த சீசனில் நான் கேட்பது நாலாவது முறை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லித் தொண்டை காய்ந்துவிட்டது. அதனால் எழுதி வைக்கிறேன்.

நான் கோத்தகிரியில் பட்டறை வைத்திருப்பவன். எஸ்டேட் ஜீப்புகளுக்கு கிரீஸ் அடிக்கும் பையனாக ஆரம்பித்து இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. "மலைக்கும் டூருக்கும் ஒரு வண்டி சொல்லுங்க, பின்னாடி டிரெய்லரும் இழுக்கணும்" என்று வாரத்துக்கு இரண்டு பேராவது வந்து கேட்கிறார்கள். எத்தனை பிஎச்பி, எத்தனை டார்க், எவ்வளவு மேடு ஏறும் என்று எல்லாம் விசாரிப்பார்கள். எப்படி இறங்கும் என்று இதுவரை ஒருவர்கூடக் கேட்டதில்லை.

சரி, முதலில் அந்தப் பெரிய தப்பை எடுத்துக்கொள்வோம். ஃபோர் வீல் டிரைவ், ஃபோர் பை ஃபோர், எப்படிச் சொன்னாலும் எஞ்சின் நாலு சக்கரத்தையும் சுற்றுகிறது என்று அர்த்தம். ஃபோர் ஹை என்பது வழக்கமான வேகத்தில் அதைப் போடும் லீவர் நிலை. அவ்வளவுதான். பிரேக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆட்டோவைத் தவிர ரோட்டில் ஓடும் எந்தக் காருக்கும் நாலு சக்கரத்திலும் பிரேக் இருக்கிறது. உங்கள் பக்கத்து வீட்டுக்காரரின் பழைய ஆல்ட்டோவுக்கும் இருக்கிறது. நீங்கள் இருபது லட்சம் கொடுத்து வாங்கிய வண்டி அதைவிட இரண்டரை மடங்கு எடை. அதனால் நிறுத்துவது அதற்குத்தான் கஷ்டம். லீவரைத் தள்ளி ஃபோர் ஹை போட்டதால் பிரேக் பேட் ஒரு மில்லிமீட்டர்கூடத் தடிமனாகாது.

சேற்றிலோ ஈரப் புல்லிலோ இறங்கும்போது மட்டும் கதை கொஞ்சம் வேறு. அங்கே ஆக்சிலரேட்டரை விட்டதும் வண்டியை மெதுவாக்கும் எஞ்சினின் பிடிப்பு நாலு சக்கரத்துக்கும் பகிர்ந்து போவதால் பின்சக்கரம் மட்டும் வழுக்காது. அதை மறுக்கவில்லை. ஆனால் காய்ந்த தார் ரோட்டில் அந்த லாபம் கிடையாது, நஷ்டம்தான் உண்டு. நம் ஊரில் விற்கும் ஜிம்னி, மஹிந்திரா தார், கூர்க்கா போன்ற வண்டிகளில் ஃபோர் ஹை போட்டால் முன் ஷாஃப்டும் பின் ஷாஃப்டும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். கொண்டை ஊசி வளைவில் முன்சக்கரம் பெரிய வட்டம் போகும், பின்சக்கரம் சின்ன வட்டம் போகும். இரண்டும் ஒரே சுற்றுதான் சுற்ற வேண்டும் என்று பூட்டிவிட்டால், அந்த வித்தியாசம் எங்கே போகும்? மண்ணாக இருந்தால் டயர் கொஞ்சம் வழுக்கிச் சரிசெய்துகொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது. ஷாஃப்டை இணைக்கும் கிராஸ் ஜாயிண்டும், முன்னுக்கும் பின்னுக்கும் பலத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸும் முறுக்கிக்கொண்டு நிற்கும். ஸ்டீயரிங் கனக்கும், யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பது மாதிரி வண்டி முரண்டு பிடிக்கும். பழைய எஸ்டேட் டிரைவர்கள் இதைப் "பல்லு கடிக்குது" என்பார்கள். அந்தத் தம்பியின் வண்டியில் பிரேக்கோடு சேர்த்து கிராஸும் போயிருந்தது. தண்டச் செலவு.

இப்போது சூட்டுக் கணக்கு. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் முப்பத்துச் சொச்சம் கிலோமீட்டர். அதற்குள் உயரத்தில் கிட்டத்தட்ட 1,500 மீட்டர் இறங்குகிறோம். ஆட்களோடு வண்டி 2,200 கிலோ, டிரெய்லர் 700 கிலோ என்று வையுங்கள். அந்த எடையைக் கீழே இறக்கும்போது வெளியாகும் ஆற்றல், நூறு லிட்டருக்கு மேல் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். காற்றும் டயரும் அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும். மீதி எங்காவது போயாக வேண்டும். சின்ன கியரில் இறங்கி அதை எஞ்சினுக்குக் கொடுத்தால் ரேடியேட்டரும் சைலன்சரும் பார்த்துக்கொள்ளும். கொடுக்காவிட்டால் அத்தனையும் சாப்பாட்டுத் தட்டளவு டிஸ்க்கில் இறங்கும். பிரேக் ஆயில் கொதித்து ஆவியாகும், பெடல் தரையைத் தொடும். டாட் 3 ரக பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் குறையாமல் கொதிக்காமல் தாங்க வேண்டும் என்பது தர விதி. ஈரத்தை உறிஞ்சிய பிறகு அந்த வரம்பு 140தான். நம் மலைப் பனியில் அது எவ்வளவு வேகமாக ஈரம் குடிக்கும் என்று சொல்லத் தேவையில்லை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள் என்றால், "கலர் நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். கலரைப் பார்ப்பதற்கு அது என்ன டீயா?

ராத்திரி கேரட் ஏற்றி மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்கும் லாரிக்காரர்களைப் பாருங்கள். உறுமிக்கொண்டே மெதுவாகப் போவார்கள், பிரேக் லைட் எப்போதாவதுதான் எரியும். ஏறின கியரிலேயே இறங்கு என்பது அவர்கள் வேதம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி ரோட்டில் முப்பத்தாறு வளைவுக்கும் இரண்டாவது கியர் என்று போர்டு வைத்திருப்பதும் இதற்காகத்தான். வெளியூர் வண்டிகளை அந்த வழியாக இறங்க விடாததற்குக் காரணம் ரோடு மோசம் என்பது இல்லை. நாலாவது கியரும் பிரேக்குமாக இறங்கி உயிரை விட்டவர்கள்தான் காரணம்.

இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். புது வண்டிகளில் ஹில் டிசென்ட் கன்ட்ரோல் என்று ஒரு பட்டன் வருகிறது. அதைப் போட்டால் வண்டி தானாக மெதுவாக இறங்கும். எதை வைத்து? அதே பிரேக்கை வைத்துத்தான். நூறு மீட்டர் செங்குத்தான மண் பாதைக்கு அருமையான சாமான். முப்பது கிலோமீட்டர் மலை ரோட்டுக்கு அது சரிப்படாது. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்கள் டி-யில் போட்டுவிட்டுப் பாட்டுக் கேட்காமல், மேனுவலுக்கு மாற்றி இரண்டில் வையுங்கள்.

சரி, இவ்வளவும் பார்த்து நான் எந்த வண்டியை எடுத்தேன்? பழைய இசுசு வி-கிராஸ் பிக்கப், 1.9 லிட்டர் டீசல், மேனுவல் கியர், ஃபோர் பை ஃபோர். பட்டறைக்கு வருகிறவர்கள் பாதிப் பேர் முகம் சுளிக்கிறார்கள். "ஏண்ணா, தார் எடுத்திருக்கலாமே?"

தார் நல்ல வண்டி. மழையில் எஸ்டேட் ரோட்டில் சிவப்பு மண் சோப்பு மாதிரி ஆகும்போது அது ஏறுகிற மாதிரி எதுவும் ஏறாது. ஆனால் மூன்று கதவுத் தாரின் வீல்பேஸ், அதாவது முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையிலான நீளம், 2,450 மில்லிமீட்டர். டிரெய்லர் இழுக்க அது ரொம்பக் குட்டை. வால் ஆட ஆரம்பித்தால் நாயையே ஆட்டிவிடும். ஐந்து கதவு ஜிம்னிக்கு 2,590. எடை 1,200 கிலோ அளவுதான். தனியாகச் சுற்றுவதற்கு ஜிம்னியைவிடச் சிக்கனமான, சங்கடமில்லாத ஃபோர் பை ஃபோர் இந்த மலைக்கு இல்லை என்பது என் கருத்து. ஆனால் எஞ்சினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ அதில் கிடையாது. ஊட்டி உயரத்தில், 2,200 மீட்டருக்கு மேல், காற்றின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். டர்போ இல்லாத எஞ்சினுக்கு அந்தப் பங்கு பலம் போச்சு. அதன் பின்னால் 700 கிலோவைக் கட்டுவது பாவம். வி-கிராஸின் வீல்பேஸ் 3,095. டர்போ டீசல், 360 நியூட்டன் மீட்டர், லாரி மாதிரி சேஸிஸ், பின்னால் பட்டை ஸ்பிரிங். இழுக்கிற வண்டி இழுபடுகிற வண்டியைவிடக் கணிசமாகக் கனமாக இருக்க வேண்டும், நீளமாக இருக்க வேண்டும். மற்றதெல்லாம் அப்புறம்தான்.

குறையும் உண்டு. ஐந்தே கால் மீட்டருக்கு மேல் நீளம். கோத்தகிரி மார்க்கெட்டில் நிறுத்த இடம் தேடுவதற்குள் டீ ஆறிவிடும். சில வளைவுகளை ஒரே வெட்டில் எடுக்க முடியாது. பின்சக்கரத்தில் டிஸ்க் இல்லை, டிரம்தான். பணம் இருந்தால் ஃபார்ச்சூனர் எடுங்கள், நான் தடுக்கவில்லை.

அப்படியானால் ஃபோர் பை ஃபோர் எதற்கு? லோ கியருக்காக. டிரெய்லரோடு எஸ்டேட் மேட்டில் நின்று கிளப்பும்போது, ரிவர்ஸ் எடுக்கும்போது, கிளட்ச் ஐந்து நிமிடத்தில் கருகிவிடும். ஃபோர் லோ போட்டால் கிளட்சை முழுதாக விட்டுவிட்டு ஆமை மாதிரி நகரலாம். நான் கொடுத்த கூடுதல் காசு முழுக்க இதற்குத்தான். வருடத்தில் அதிகம் போனால் பத்து நாள் பயன்படும். அந்தப் பத்து நாளில் ஒரு கிளட்ச் செட் மிச்சம்.

டிரெய்லர் பற்றி. வெளிநாட்டு வீடியோ பார்த்துவிட்டு "அண்ணா, இந்த வண்டி மூன்றரை டன் இழுக்கும்" என்கிறார்கள். பிரிட்டனில் என் வண்டியின் இதே 1.9 எஞ்சினுக்கு 3,500 கிலோ என்று எழுதியிருக்கிறார்கள், வாஸ்தவம். அதே காகிதத்தில், டிரெய்லருக்குச் சொந்தமாக பிரேக் இல்லையென்றால் 750 கிலோதான் என்றும் எழுதியிருக்கிறது. அந்த வரியை யாரும் படிப்பதில்லை. அந்தத் தம்பியின் டிரெய்லரைப் பட்டறையில் எடை போட்டோம், சாமானோடு 840 கிலோ. பிரேக் கிடையாது. செய்து கொடுத்தவர் பிரேக் வேண்டுமா என்று கேட்கவே இல்லையாம். ஜெனரேட்டரும் ஐஸ் பெட்டியும் டிரெய்லரின் வால் பக்கம். பாரம் ஆக்சிலுக்கு மேலேயும் சற்று முன்னாலும் இருக்க வேண்டும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு கொக்கியில் உட்கார வேண்டும். பின்னால் கனத்தால் டிரெய்லர் பாம்பு மாதிரி நெளியும். வண்டி கம்பெனி கொடுத்த புத்தகத்தில் இழுவை எடை எழுதவில்லையென்றால், இழுக்காதே என்று அர்த்தம். எவ்வளவு வேண்டுமானாலும் இழு என்று அர்த்தம் இல்லை. டிரெய்லருக்குத் தனிப் பதிவும் வேண்டும்.

டயர் விஷயத்தில் கொஞ்சம் கெஞ்சியே கேட்கிறேன். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கிறதென்று இரண்டு சைஸ் பெரிய மட் டயர் போடாதீர்கள். டயர் பெரிதானால் இரண்டாவது கியர் இரண்டரையாவது கியர் மாதிரி ஆகிவிடும், எஞ்சின் பிடிப்பு குறையும், பிரேக்குக்கும் வேலை கூடும். அதோடு, மழை ஈரத்தில் மட் டயர் தாரைக் கவ்வாது. டூர் போகிறவருக்கு ஆல் டெரெய்ன் டயர், கம்பெனி சைஸ், போதும்.

அப்புறம், வண்டி வாங்கிய ஆசைக்குப் புல்வெளியில் ஏற்றிப் பார்க்காதீர்கள். அவலாஞ்சிப் பக்கமெல்லாம் காப்புக்காடு. ஒரு சக்கரத் தடம் ஆறப் பல மழைக்காலம் ஆகும். காட்டிலாகா பிடித்தால் நான் ஜாமீனுக்கு வர மாட்டேன்.

இறங்கும்போது கருகின வாடை வந்தால் அகலமான இடம் பார்த்து நிறுத்துங்கள். ஹாண்ட் பிரேக் இழுக்காதீர்கள். முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், சூட்டில் டிஸ்க் கோணிக்கொள்ளும், வெடிக்கவும் செய்யும். அரை மணி நேரம் டீ குடியுங்கள். கிளம்பும்போது தயவுசெய்து அந்தக் கல்லை எடுத்து ஓரமாகப் போட்டுவிட்டுப் போங்கள். நடுரோட்டில் விட்டுப்போன கல்லில் மோதி ஆயில் சம்ப் உடைந்த வண்டிகள் எனக்கு மாதம் ஒன்று வருகின்றன. வருமானம்தான், ஆனாலும் வேண்டாம்.

எதிரே ஏறி வரும் வண்டிக்கு வழி விடுவது இறங்குபவரின் கடமை. டிரெய்லரோடு வளைவில் ரிவர்ஸ் எடுக்கத் தெரியாதென்றால், காலி மைதானத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பழகிவிட்டு மலைக்கு வாருங்கள்.

தம்பியின் வண்டி டிஸ்க், பேட், ஆயில், கிராஸ் எல்லாம் மாற்றிப் போன வாரம் கிளம்பியது. நானே பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாவது கியரில் குஞ்சப்பனை வரை இறக்கிக் காட்டினேன். பெடலை எத்தனை முறை தொட்டார் என்று எண்ணச் சொன்னேன், பதினொன்று என்றார். டிரெய்லர் மட்டும் இன்னும் என் பட்டறை வாசலில் நிற்கிறது. பிரேக் வைத்த ஆக்சில் வாங்கி வந்தால்தான் தருவேன் என்று சொல்லிவிட்டேன். அவங்க அம்மா போன் பண்ணி, "தராதீங்க தம்பி, அங்கேயே இருக்கட்டும்" என்றார்கள்.