கதவின் அடியில் இருக்கும் துளையை அடைத்துவிடாதீர்கள்

மாரி தொடங்கிய கிழமை, மல்லாவிப் பக்கமிருந்து ஒரு தம்பி கிளிநொச்சியில் உள்ள எங்கள் கராஜுக்குக் கார் கொண்டுவந்தார். வாங்கி எட்டு மாதம்தான். “பிரேக் பிடிச்சா கதவுக்குள்ள சளக் சளக் எண்டு கேக்குது அண்ணை” என்றார். கதவின் அடி விளிம்பைத் தடவிப் பார்த்தேன். தார் போன்ற கறுப்புப் பூச்சு. துளை இருந்த இடமே தெரியவில்லை. ஈர்க்கால் குத்திவிட்டதும் இரண்டு போத்தல் அளவு செம்மண் தண்ணீர் ஊற்றியது. கறள் பிடிக்கக் கூடாது என்று வேறொரு இடத்தில் அடிப்பூச்சு அடித்திருக்கிறார். அடித்தவர்கள் துளைகளையும் சேர்த்து மூடிவிட்டார்கள்.

2020இல் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி தொடங்கிய பிறகு, ஏ9 வீதியில் புதுக் கார்களைக் காண்கிறேன். பலர் லீசிங் கட்டிக்கொண்டு ஓடுகிறார்கள். அந்தக் காசு கறளாகிப் போகக் கூடாது.

கதவுக் கண்ணாடியின் வெளி ரப்பர் மழையை முழுதாகத் தடுக்காது. கொஞ்சத் தண்ணீர் கதவுக்குள் இறங்கி, அடித்துளைகளால் வெளியேற வேண்டும். கார் செய்தவர்கள் வேண்டுமென்றே விட்ட வழி அது. நம் கிரவல் வீதிப் புழுதி சோளகத்தில் அந்தத் துளைகளில் படிந்து, முதல் மழையில் குழைந்து, பிறகு சீமெந்து மாதிரி இறுகிவிடும். குளவி மண்கூடு கட்டி அடைத்ததையும் பார்த்திருக்கிறேன்.

சோதிப்பது லேசு. ஒரு போத்தல் தண்ணீரைக் கண்ணாடியின் வெளிப்புறத்தில் மெதுவாக ஊற்றுங்கள். சற்று நேரத்தில் கதவின் அடியில் சொட்ட வேண்டும். சொட்டாவிட்டால் ஈர்க்கால் மெல்லக் குத்துங்கள். கம்பியும் ஸ்குரூ டிரைவரும் வேண்டாம். பெயின்ற் சுரண்டுப்பட்ட இடத்தில்தான் கறள் தொடங்கும்.

அப்புறம் பொனட்டைத் திறந்து, வைப்பருக்குக் கீழே உள்ள பள்ளத்தைப் பாருங்கள். வேப்பமரத்தடியில் நிறுத்தும் கார் என்றால் அங்கே சருகு நிரம்பியிருக்கும். கையால் அள்ளுங்கள், பைப்பால் தண்ணீர் அடித்தால் சருகு அந்தப் பள்ளத்தின் வடிகுழாய்க்குள் போய்ச் சிக்கும். கூரைக் கண்ணாடி உள்ள கார்களில் அதன் மூலைகளில் சிறு வடிகுழாய்கள் உண்டு. நுனியைச் சுட்டு மழுக்கிய தடித்த தங்கூசியை (நைலோன் நூல்) மெதுவாக விடுங்கள். கொம்பிரசர் காற்று அடித்தால் குழாய் உள்ளே கழன்று, தண்ணீர் கூரைத்துணிக்குள் இறங்கும்.

ஏசி போட்டு ஓடும்போது காருக்கு அடியில் தண்ணீர் சொட்டுவது நல்லது. புழுக்கமான நாளில் அரை மணித்தியாலம் ஓடியும் சொட்டாமல், முன்சீற்றுக் கால்விரிப்பு ஈரமானால் ஏசி வடிகுழாய் அடைத்திருக்கலாம். உடனே காட்டுங்கள்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். டிக்கியில் மேலதிகச் சில்லுக்கு அடியில் இருக்கும் ரப்பர் மூடி மூடியே இருக்க வேண்டும். தண்ணீர் நின்றால் கழற்றி வடியவிட்டு, துடைத்துக் காயவைத்து, திரும்பப் போட்டுவிடுங்கள். அடிப்பூச்சு அடிக்கக் கொடுத்தால் பக்கத்தில் நில்லுங்கள். துளைகளுக்கு ரேப் ஒட்டச் சொல்லுங்கள், முடிந்ததும் உரித்தார்களா என்று குனிந்து பாருங்கள். குளம் வான் பாய்ந்து வீதியில் நிற்கும் வெள்ளத்துக்குள்ளால் வந்திருந்தால், அன்றைக்கே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். வெள்ளம் வண்டலோடு அதே துளைகளால் உள்ளே ஏறியிருக்கும்.

தம்பியின் காரில் மற்ற மூன்று கதவுகளின் துளைகளையும் அன்றைக்கே திறந்துவிட்டோம். ஒரு கதவின் உள்விளிம்பில் மட்டும் கறள் பொரியத் தொடங்கியிருந்தது.