குட்டைத் தூணும் உயரக் கூரையும்

ஸ்பெயினின் கோர்தோபா நகரத்துப் பெரிய பள்ளிவாசல் 1236 முதல் தேவாலயமாக இருக்கிறது. உள்ளே 850க்கும் மேற்பட்ட தூண்கள். அவற்றின் மேல் சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட வளைவுகள், ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு அடுக்கு. அழகுக்காகச் செய்தது என்றுதான் தோன்றும். ஆனால் அந்த இரட்டை வளைவுக்குக் காரணம், தூண்கள் எட்டாமல் போனதுதான்.

785 வாக்கில் அங்கே ஆண்ட முதலாம் அப்துர் ரஹ்மான் கட்டத் தொடங்கியபோது, பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும் அவர்களுக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோத் மக்களின் கட்டடங்களிலிருந்தும் தூண்களை எடுத்து வந்து நட்டார்கள். ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அந்த வித்தியாசத்தை அடியிலும் தலையிலும் சரிக்கட்டிவிடலாம். ஆனால் எல்லாமே மெலிந்தவை, அவ்வளவு பெரிய கூடத்துக்கு உயரம் போதாதவை. கூரை தாழ்ந்தால் உள்ளே இருட்டும் புழுக்கமும்தான்.

சரி, தூணின் தலையில் இன்னொரு தூணை ஏற்றினால்? அதைத்தான் செய்தார்கள். அப்புறம் அது ஆடாமல் நிற்க வேண்டுமே! அதற்குத்தான் கீழ் வளைவு. லாட வடிவில் இருக்கும் அதன் முதுகில் சுவரோ கூரையோ கிடையாது, வெறும் வெளி. பக்கத்துத் தூண்கள் சாயாமல் பிணைத்து வைப்பது மட்டுமே அதன் வேலை. பாரத்தைச் சுமப்பது மேலேயுள்ள அரைவட்ட வளைவு. ரோமானியர் மெரிதாவில் கட்டிய நீர்ப்பாலத்தைப் பார்த்து இந்த யோசனை வந்திருக்கலாம் என்பது வரலாற்றாசிரியர்கள் பலரின் ஊகம்.

எனக்கு அதைவிடப் பிடித்தது, இந்த அமைப்பு மேலே போகப் போகத் தடிப்பதுதான். வழக்கத்துக்கு நேர் எதிர்! உச்சியில் அந்த அகலம் தேவைப்பட்டது. இரண்டு தூண் வரிசைகளுக்கு நடுவிலுள்ள ஒவ்வொரு நடைபாதைக்கும் தனிக் கூரை என்பதால், கூரைகளுக்கு இடையில் விழும் மழைநீர் ஓடுவதற்கான கால்வாயை, வளைவுகள் தாங்கும் சுவரின் மேலேயே அமைத்திருந்தார்கள்.

சிவப்புக் கோடு செங்கல், வெளிர்க் கோடு கல். 987 வாக்கில் அமைச்சர் அல்மன்சூர் விரிவாக்கிய பகுதியில் மட்டும் முழுக்கக் கல்லாக அடுக்கி, சிவப்புச் சாயம் பூசிச் சமாளித்துவிட்டார்கள்.

எந்த வளைவும் தன் கால்களை வெளிப்பக்கம் உதைத்துக்கொண்டே இருக்கும். வரிசையின் நடுவில் பக்கத்து வளைவு எதிர்த்து உதைப்பதால் கணக்கு நேராகிவிடும். கடைசி வளைவின் உதையோ சுவருக்குத்தான். முற்றத்தைப் பார்த்த வடக்குச் சுவர் அதைத் தாங்காமல் வெளியே சாயத் தொடங்கியது. 958 வாக்கில் மூன்றாம் அப்துர் ரஹ்மான் அதற்கு முன்னால் இன்னொரு முகப்பைக் கட்டி முட்டுக்கொடுத்தார். அந்த வேலையைச் சொல்லும் கல்வெட்டு முற்றத்து வாசலருகே இன்னும் இருக்கிறது.