ப்ளூஸ் இசைத்தட்டு கிடைத்ததும் ஓட்டிப் பார்க்காதீர்கள்

1920, 30-களில் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்கள் பாடிய ப்ளூஸ் பாடல்கள் பலவற்றுக்கு இன்று மூலப்பதிவு கிடையாது. தட்டு அச்சிட உதவிய உலோக வார்ப்புகளில் பெரும்பகுதி பழைய இரும்பு விலைக்குப் போய்விட்டது. மிஞ்சியவை அன்று கடையில் விற்ற அரக்கு இசைத்தட்டுகள்தாம். கீஷி வைலி, எல்வி தாமஸ் என்ற இரு பெண்கள் 1930-களின் தொடக்கத்தில் விஸ்கான்சின் மாநிலத்துக் கிராஃப்டனில் பாராமவுண்ட் நிறுவனத்துக்காகப் பாடியவை மொத்தம் மூன்றே தட்டுகள், ஆறு பக்கங்கள். உலகெங்கும் தேடியும் ஒவ்வொன்றிலும் பத்துப் பிரதிகள்கூடத் தேறவில்லை.

இப்படிப்பட்ட தட்டு ஒன்று அகப்பட்டால் பெரும்பாலும் ஆசையாலேயே கெடுகிறது. வீட்டில் இருக்கும் குழல் கிராமபோனில் வைத்து ஒருமுறை கேட்டுவிடலாம் என்று தோன்றும். அந்தக் கருவியின் ஊசி தட்டின் மேல் 100 கிராமுக்கும் மேலான பாரத்தை இறக்கும். எஃகு ஊசியைத் தேய்த்துத் தன் வரித்தடத்துக்குப் பொருத்திக்கொள்ளவே அரக்கோடு கல்தூள் சேர்த்தார்கள். ஊசி தேயும்போது தடமும் தேயும். நாற்காலிக் கம்பெனி ஒன்றின் துணைத்தொழிலாக நடந்த பாராமவுண்ட் மலிவான கலவையைப் பயன்படுத்தியதால், அதன் தட்டுகள் புதிதாக இருந்தபோதே இரைந்தன. அவற்றில் இன்னும் தேய்வதற்கு எதுவும் மிச்சமில்லை.

ஓட்டுவதற்கு முன் படியுங்கள். லேபிளையும், பாட்டு முடிந்தபின் வரும் வழுவழுப்பான வளையத்தில் பொறித்திருக்கும் எண்ணையும் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். கிராஃப்டனில் பதிவானவற்றில் அந்த எண்ணுக்கு முன்னால் 'எல்' என்ற ஆங்கில எழுத்து இருக்கும். லேபிளில் உள்ள பெயரைவிட இந்த எண்ணைத்தான் நம்பலாம். ப்ளூஸ் பாடகர் சார்லி பேட்டனின் தட்டொன்று 'முகமூடி அணிந்த அதிசயம்' என்ற விளம்பரப் பெயரிலும், இன்னொன்று பாதிரியார் போன்ற ஒரு பெயரிலும் வந்தது. 'எல்வி' என்று அச்சானவர் உண்மையில் ஹூஸ்டனைச் சேர்ந்த எல். வி. தாமஸ், இரண்டு எழுத்துகளைக் காதில் விழுந்தபடி ஒரே பெயராக்கிவிட்டார்கள். 1961-இல் ஓர் ஆய்வாளர் அவரை நேரில் கண்டு பேசியிருந்தும் அந்தக் குறிப்புகள் 2014-இல்தான் பரவலாக வெளிவந்தன. அதற்குள் தாமஸ் இறந்து 35 ஆண்டுகள் ஆகியிருந்தன.

பாட்டையும் ஆவணமாகவே கேளுங்கள். மிசிசிப்பி ஜான் ஹர்ட் 1928-இல் ஒக்கே நிறுவனத்துக்குப் பாடியபோது அவலான் தன் சொந்த ஊர் என்று பாட்டிலேயே சொல்லியிருந்தார். அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு 1963-இல் ஒருவர் அந்த ஊருக்கே போக, ஹர்ட் அங்கேதான் இருந்தார். அதே ஆண்டு நியூபோர்ட் நாட்டுப்புற இசை விழா மேடையில் பாடினார், 1966-இல் காலமானார். அந்த வரி புரியாதபடி தட்டு தேய்ந்திருந்தால் அந்த மூன்று ஆண்டுகளும் கிடைத்திருக்காது.

தட்டைக் கழுவ ஆல்கஹால் கலந்த எந்தத் திரவமும் ஆகாது. பின்னாளில் வந்த பிளாஸ்டிக் எல்பி தட்டுகளுக்கென்று விற்கும் திரவங்கள் பலவற்றில் அது உண்டு; அரக்கு அதில் கரைந்துவிடும். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் அயனித்தன்மையற்ற சலவைத் திரவம் சில சொட்டுகள் போதும். லேபிள் நனையாமல், மென்மையான தூரிகையை வரியோட்டத்திலேயே நகர்த்தி, மறுபடி வெறும் வடிநீரில் அலசி, நிழலில் நிற்க வைத்து உலர்த்துங்கள். பெஸ்ஸி ஸ்மித் பாடிய கொலம்பியா நிறுவனத் தட்டுகளின் உள்ளே காகித அடுக்கு உண்டு. விரிசல் விட்ட கொலம்பியா தட்டை நனைத்தால் நீர் உள்ளே இறங்கி, மேல்படலம் கிளம்பிவிடும். அதை உலர்ந்த தூரிகையால் துடைப்பதோடு நிறுத்துங்கள்.

அடுத்தது ஊசி. எல்பி ஊசியின் நுனி ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் 0.7 பங்கு, நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் இந்த அரக்குத் தட்டின் தடத்துக்கு ஏறத்தாழ 3 பங்கு வேண்டும். சிறிய ஊசி தடத்தின் அடியில் கிடக்கும் அழுக்கில் உருண்டு இரைச்சலை மட்டும் பொறுக்கிவரும். 2.5 முதல் 3.8 வரை சில அளவுகள் கையில் இருப்பது நல்லது. பழைய எஃகு ஊசி தேய்த்த மட்டத்துக்குச் சற்று மேலோ கீழோ தேயாத சுவர் இருக்கும். சரியான அளவு அங்கே போய் உட்கார்ந்ததும் அதுவரை கேட்காத குரல் கேட்கத் தொடங்கும். பாரம் 4, 5 கிராம் இருக்கலாம். ஸ்டீரியோவாகவே பதியுங்கள்: தடத்தின் இரு சுவர்களில் ஒன்று அமைதியாக இருப்பதுண்டு, எதை எடுப்பது என்று பிறகு முடிவு செய்யலாம்.

ஊசி தரும் சிறு ஒலியைப் பெருக்கும் ஃபோனோ பெருக்கியில், மேல்சுரத்தையும் கீழ்சுரத்தையும் சரிசெய்ய உள்ள ஆர்ஐஏஏ வளைவு 1950-களில் வந்தது. அது 10,000 ஹெர்ட்ஸில் சுமார் 13.7 டெசிபல் குறைக்கும். 1930-இல் பதிந்தவர்கள் அந்த மேல்சுரத்தை அப்படி ஏற்றிவைக்கவே இல்லை. ஆகவே குறைத்தால் குரல் போர்வைக்குள் போய்விடும். வளைவே இல்லாமல் 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்து, கீழ்சுரத்தைப் பின்னால் கணினியில் சரிசெய்யுங்கள்.

வேகம் தனித் தலைவலி. '78' என்பது பெயரளவுக்குத்தான். அன்றைய பதிவுக்கூடங்களின் வேகம் முன்பின்னாக இருந்தது. 6 சதவீதம் தவறினால் சுருதி ஒரு அரைச்சுரம் மாறும், பாடுபவரின் வயதே மாறியதுபோல் கேட்கும். பியானோ கூடவே ஒலித்தால் அதை வைத்துச் சரிபார்க்கலாம். தனிக் கிதாரோடு பாடியவர்களிடம் அதுவும் முடியாது, கிதாரை எந்தச் சுருதியிலும் கட்டலாம். ஆகவே என்ன வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதைக் கோப்போடு எழுதிவையுங்கள். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்விளக்கில் வேகம் பார்க்க 77 கோடு போட்ட அட்டை வேண்டும்; சுழலும்போது கோடுகள் அசையாமல் நிற்பதுபோல் தெரிந்தால் வேகம் சரி (நிமிடத்துக்கு 77.92 சுற்று). அமெரிக்காவிலிருந்து வரும் 92 கோடு அட்டை 60 ஹெர்ட்ஸுக்கானது, இங்கே தவறாகக் காட்டும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளில் கை நீளக் கூடாது. டிக் டிக் என்ற வெட்டொலிகளை அகற்றுங்கள், அது நியாயம். தொடர்ந்து வரும் 'ஸ்ஸ்' ஓசை இருக்கும் இடத்தில்தான் பாடகியின் சகார உச்சரிப்பும், விரல் தந்தியை விட்டு விலகும் ஒலியும் இருக்கின்றன. முழுதும் துடைத்தால் தண்ணீருக்குள்ளிருந்து பாடுவதுபோல் ஆகிவிடும். எதைச் செய்தாலும் முதல் பதிவைத் தொடாமல் தனியே வையுங்கள்.

இணையத்தில் ஏற்றுவதற்குமுன் உரிமையைப் பாருங்கள். இந்தியச் சட்டத்தில் ஒலிப்பதிவுக்கு 60 ஆண்டுகள்; அமெரிக்காவில் 1923 முதல் 1946 வரை வெளியானவற்றுக்கு 100 ஆண்டுகள். 1930-இல் வெளியானது அங்கே 2030 முடியும்வரை கட்டுப்பாட்டில் இருக்கும்.

கிராஃப்டனில் சன் ஹவுஸ் பாடிய, லேபிளில் 13096 என்று எண்ணிட்ட தட்டு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் காணாமல் இருந்து, 2000-களின் நடுவில் வெளிப்பட்டது. அதே கூடத்தில் பாடிய வில்லி பிரவுனின் 13099 இன்னும் யாருக்கும் அகப்படவில்லை. எங்காவது ஒரு பழைய தட்டுக் கட்டில் பாராமவுண்ட் லேபிளோடு அந்த எண்ணைக் கண்டால் ஓட்டாதீர்கள், கழுவாதீர்கள். படம் எடுத்து, அமிலமற்ற காகித உறையில் நிறுத்திவைத்து, ஒலி ஆவணக்காப்பகம் ஒன்றுக்கு எழுதுங்கள்.